தீப்பந்தும் சாட்சிகளும்

1783 ஓகஸ்ட் 18 ஆம் திகதி இரவு, ஒன்பது மணி கடந்த வேளை. இங்கிலாந்தின் வின்சர் கோட்டை மேல்முற்றத்தில் சிலர் நின்றுகொண்டிருந்தனர். ஓவியர் தோமஸ் சாண்ட்பியும் இயற்பியல் அறிஞர் திபேரியஸ் கவல்லோவும் அவர்களுள் இருவர். வடதிசையில் தோன்றிய தீப்பந்தொன்று கிழக்கு நோக்கி ஓடியது. நிலத்திலிருந்த பொருள்கள் யாவும் அதன் ஒளியில் தெளிவாகத் தெரிந்தன. பின்னர் அது பல துண்டுகளாகச் சிதறி, அரை நிமிட அளவில் மறைந்தது. சுமார் 10 நிமிடங்களின் பின் இடிமுழக்கம் போன்ற ஓசை கேட்டது. அந்த இடைவெளியைக் கொண்டே கவல்லோ அதன் உயரத்தைக் கணித்தார்: 50 மைலுக்கும் மேல்!

ரோயல் சங்கத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பிளாக்டன் பல ஊர்களிலிருந்து தகவல் திரட்டினார். அவருக்கும் ஏறக்குறைய அதே உயரமே கிடைத்தது. வேகம் செக்கனுக்கு 20 மைல் என்றார். கணக்குச் சரி, ஆனால் காரணம் மின்சாரம் என்று முடித்துவிட்டார்.

கோட்டையில் நின்ற கனவான்கள் கண்டதை எவரும் ஐயுறவில்லை. குடியானவர்களின் சொல்லுக்கு அந்த மதிப்பு இருக்கவில்லை. 1768 இல் பிரான்ஸின் லூசே கிராமத்தில் கல்லொன்று விழக் கண்டதாக வயலில் நின்றோர் கூறினர். மாமேதை லவோசியே இடம்பெற்ற ஆய்வுக்குழுவோ, அது மின்னல் தாக்கிய சாதாரணக் கல்லே என்றது.

1794 இல் ஜேர்மனியரான கிளாட்னி, தீப்பந்தும் விழும் கல்லும் ஒன்றே, அது விண்வெளியிலிருந்து வருவது என்று எழுதினார். அவர் சட்டம் படித்தவர். ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் ஒரே விதமாகக் கூறுவதன் பெறுமதி அவருக்குத் தெரிந்திருந்தது. அறிஞர் பலர் அவரை ஏளனம் செய்தனர்.

1803 ஏப்ரல் 26 இல் பிரான்ஸின் லேகிள் நகரருகே பட்டப்பகலில் தீப்பந்து வெடித்து, சுமார் 3000 கற்கள் பொழிந்தன. விசாரிக்க அனுப்பப்பட்டவர் 29 வயதான பியோ. அவருடைய அறிக்கையை ஒரு தேர்ந்த நிருபரின் வேலையாகவே நான் கருதுகிறேன். அவர் நேரே லேகிளுக்குச் செல்லவில்லை. தொலைவிலுள்ள ஊர்களிலேயே விசாரணையைத் தொடங்கினார். குருமார், உழைப்பாளிகள், பெண்கள், சிறுவர் என எல்லோரையும் கேட்டார். அப்பகுதியின் பாறைகளிலோ உலைக்கழிவுகளிலோ இத்தகைய கல் இல்லை என்பதையும் உறுதிசெய்தார். கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது அவை நீள்வட்டமாக அமைந்தன. ஜூலையில் பாரிஸில் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டபின், குடியானவர்களின் சொல்லை மறுப்பது அறிஞர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.