ஓடாத மின் நிலையத்துக்கும் நாம் பணம் கட்டுகிறோமா?

உங்கள் வீட்டு மின்சார பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தெமியாங்கில் இருந்தாலும் சரி, கோலாலம்பூரில் இருந்தாலும் சரி, 2025 ஜூலை 1 முதல் பில்லின் அமைப்பு மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், மின்கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 சென்.

அதென்ன 'திறன் கட்டணம்'?

மின் நிலையம் தயாராக நிற்பதற்கான கூலி அது. தெமியாங்கிலிருந்து அதிக தூரமில்லாத போர்ட்டிக்சனில், 1990-களில் சுமார் 440 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று வந்தது. உச்ச நேரத் தேவைக்கான நிலையம் அது. மற்ற நேரத்தில் சும்மா நிற்கும். ஓடினால்தான் காசு என்றால் அதை யார் கட்டுவார்கள்? வங்கிதான் கடன் கொடுக்குமா?

ஏன் இந்த ஒப்பந்தம்?

1992 செப்டம்பர் 29-ல் தீபகற்பமே இருளில் மூழ்கியது. உடனடியாகப் புதிய நிலையங்கள் தேவைப்பட்டன. தனியார் நிறுவனங்களுக்கு 21 ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நிலையம் தயாராக இருந்தால் தெனாகா நேஷனல் பணம் தர வேண்டும்.

1997-ல் நிதி நெருக்கடி வந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மின் தேவை வளரவில்லை. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே! தேவையைத் தவறாகக் கணித்ததன் சுமை வாங்குபவர் தலையில் விழுந்தது.

சந்தையிடம் விட்டால்?

சிங்கப்பூரில் 2003 முதல் அரை மணிக்கொரு முறை மொத்த விலை மாறுகிறது. 2021 கடைசியில் அந்த விலை எகிறியபோது, சில சில்லறை விற்பனை நிறுவனங்கள் தொழிலையே விட்டு விலகின. ஆக, ரிஸ்க் எங்கேயும் காணாமல் போவதில்லை. யார் சுமப்பது என்பதைத்தான் ஒப்பந்தம் முடிவு செய்கிறது.

நீங்கள் எதைத் தேர்வு செய்யலாம்?

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாம். திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் 2 முதல் இரவு 10 வரை எரிசக்திக் கட்டணம் 28.52 சென். மற்ற நேரமும், வார இறுதியும், பொது விடுமுறையும் 24.43 சென்.

மாதம் 600 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 விழுக்காடு மட்டும் உச்ச நேரத்தில் என்றால், சுமார் 8 வெள்ளி மிச்சம். 80 விழுக்காடு என்றால் 4 வெள்ளி நட்டம். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 64 விழுக்காடு.

அதனால் இரவு 10 மணிக்குப் பிறகுதான் ஏர்கோன் போடுவீர்கள், துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை என்றால், மாறுவது லாபம். பகல் முழுக்க ஆள் இருக்கும் வீடா? முதலில் மீட்டர் கணக்கைப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.