பிழைத்தல் என்னும் வினை

மலாக்கா மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் 'பிழை' என்னும் சொல்லை முதலில் அறிவது சிவப்பு மையினால். எழுத்துப்பிழை, சந்திப்பிழை, சொற்பிழை எனக் கட்டுரை ஏட்டின் ஓரத்தில் ஆசிரியர் குறிப்பார். வீட்டிலோ அச்சொல் வேறு முகம் காட்டும். பாட்டன் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார் என்பர். பாட்டி கொடுங்காய்ச்சலில் விழுந்தும் பிழைத்தாள் என்பர். தவறு செய்தலையும் துன்பத்தினின்று தப்புதலையும் ஒரே வினை சுட்டுவது எங்ஙனம்? இதற்கு விடை அச்சொல்லின் வரலாற்றிலேயே உள்ளது.

திருக்குறளின் 90ஆம் அதிகாரம் பெரியாரைப் பிழையாமை. ஈண்டுப் பிழைத்தலாவது தவறிழைத்தல். தீயால் சுடப்பட்டவர்க்கும் தப்ப வழியுண்டு, பெரியார்க்குத் தவறிழைத்தவர்க்கு அதுவும் இல்லை என்பது 896ஆம் குறளின் கருத்து. தப்புதலைக் குறிக்க வள்ளுவர் அங்கு ஆளும் சொல் 'உய்தல்'. ஆக, ஒரே குறளில் உய்தலும் பிழைத்தலும் எதிரெதிர் நிற்கின்றன. இன்றைய பேச்சுவழக்கிலோ உய்தல் அருகிவிட்டது. அதன் இடத்தில் பிழைத்தலே அமர்ந்திருக்கிறது.

இம்மாற்றத்திற்குத் திறவுகோல் படைச்செருக்கு அதிகாரத்து 772ஆம் குறளில் உண்டு. முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதினும், யானைமேல் எறிந்து குறிதவறிய வேலை ஏந்துதல் இனிது என்கிறார் வள்ளுவர். குறிதவறியதை உணர்த்த அவர் ஆள்வது 'பிழைத்த' என்னும் சொல்லே. வேலின் பக்கம் நின்று நோக்கின் நிகழ்ந்தது தவறு. யானையின் பக்கம் நின்று நோக்கின் அதுவே உயிர். ஒரு நிகழ்ச்சியின் இரு பக்கங்களே இரு பொருள்களாயின எனக் கொள்வது பொருந்தும். 'தப்பு' என்னும் சொல்லும் இவ்வாறே குற்றத்தையும் மீட்சியையும் ஒருங்கே சுட்டுதல் காண்க.

கதை இலக்கியத்தில் இவ்வினைக்குரிய நிலைகள் பல. 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் எனப்படுவது. சிறைப்பட்ட கணவனை, ஆணுடையில் அரசாளும் ஞானாம்பாள் மீட்கிறாள். இடர் நீங்கியதும் இன்பம் வருகிறது; அங்கே பிழைத்தல் முழுமையான மீட்சி. 1935இல் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'யிலோ நிலை வேறு. வாசவன்பட்டி மருதி ஊரில் நேர்ந்த இடுக்கண் தாளாது இலங்கைத் தேயிலைத் தோட்டம் சேர்கிறாள். அங்கே அவளுக்குக் காத்திருப்பது மற்றொரு துன்பம். பிழைக்கப் போதல் வேறு, பிழைத்தல் வேறு என்பதை அக்கதை உணர்த்தும்.

மருதியின் நிலை மலாயாவிற்கும் அயலன்று. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ரப்பர் பெருகப் பெருக, கங்காணிமார் வழியே தமிழர் மலாயாவிற்கு வந்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இது நிகழ்ந்தது. பிழைக்க வந்தோர் பல்லாயிரவர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதவர் பலர், மீண்டவரை 'உயிர் பிழைத்தவர்' என்றனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) இத்துயரைப் பேசும் மலேசிய நாவல்.

இவ்வினையைக் கற்பிக்கும் ஆசிரியர் அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வித்தல் போதாது. 'வாக்குப் பிழைத்தான்', 'உயிர் பிழைத்தான்', 'தச்சுத்தொழில் செய்து பிழைத்தான்' என மூன்று தொடர்களை நிறுத்தி, முன்நிற்கும் சொல்லே பொருளை முடிவு செய்வதைக் காட்டலாம். அலோர் காஜா என்னும் ஊர்ப்பெயரில் நிற்கும் 'காஜா' மலாய் மொழியில் யானையாகும். அங்குள்ள பிள்ளைகளுக்கு வள்ளுவரின் யானையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

'பிழைக்க வந்தவர்' என்று இகழ்ச்சி தோன்றச் சொல்லக் கேட்டுத் தலைகுனியும் பிள்ளைகள் உளர். குறிதவறிய வேலுக்குத்தான் அது பிழை. காட்டிற்கு மீண்ட யானைக்கு அது வாழ்வு என்பதை அறிந்த பிள்ளை தலைகுனிய வேண்டுவதில்லை.