திருமுக்கூடல் ஆதுலர்சாலையில் ஒரு கேள்வி

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோவிலில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1060களின் பிற்பகுதி. அதில் 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலையின் கணக்கு வருகிறது. ஆதுலர்சாலை என்றால் ஆஸ்பத்திரிதான். 15 படுக்கைகள். வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். 'சல்லியக்கிரியை பண்ணுவான்' ஒருவருக்கு 30 கலம் நெல். மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்தடும் பெண்டுகள் இருவர், ஒரு நாவிதர்.

இதை வைத்து "சோழர்கள் அப்பவே எல்லா ஆபரேஷனும் பண்ணாங்க" என்று வாட்ஸப்பில் ஒரு கதை சுற்றுகிறது. நர்ஸாக இருக்கும் என் தோழி கேட்டாள்: "பிரசவத்துல துளை விழுந்து மூத்திரம் ஒழுகிட்டே இருக்கிற பொண்ணை இங்க கூட்டிட்டு வந்திருந்தா?"

வழி இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆதுலர்சாலை கோவில் பணியாளருக்கும் அங்கே படித்த மாணவருக்கும். பட்டியலில் மருத்துவச்சி கிடையாது. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் நாள்கணக்காகச் சிக்கினால், நடுவில் நசுங்கும் சதை ரத்த ஓட்டம் இல்லாமல் செத்து, பிறகு துளையாகிவிடும். சிக்கிய குழந்தையை எடுக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் உண்டு. துளையை மூடுவது வேறு சங்கதி. அதற்குப் பேர் வாங்கியவர் அமெரிக்காவின் மேரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் அனார்ச்சா, லூசி, பெட்சி முதலான அடிமைப் பெண்களை மயக்க மருந்தே இல்லாமல் அறுத்துப் பழகினார். அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் 30 தடவை! கடைசியில் வெள்ளிக் கம்பித் தையல் பிடித்தது.

தோழி பார்த்த கேஸ் இன்னும் அரிது: சிறுநீர்ப்பைக்கும் கருப்பைக்கும் நடுவே துளை. இது பெரும்பாலும் சிசேரியனுக்குப் பின் வருவது; நம்ம சல்லியக்காரர் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. சிலருக்கு ஒழுகலே இருக்காது. மாதவிடாய் ரத்தம் சிறுநீரோடு வரும், வழக்கமான வழியில் வராது. 1957-ல் எகிப்திய மருத்துவர் யூசெஃப் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நின்றுவிட்டது.

துளை சின்னதாக இருந்து சீக்கிரம் தெரிந்தால் சில வாரம் கதீட்டர் வைத்து, ஹார்மோனால் மாதவிடாயை நிறுத்திப் பார்ப்பார்கள். சிலருக்குத் தானாக மூடிக்கொள்ளும். இல்லையென்றால் ஆபரேஷன்: இரண்டு உறுப்பையும் பிரித்து, தனித்தனியாகத் தைத்து, மறுபடி ஒட்டாமலிருக்க வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை நடுவில் வைப்பார்கள்.

தோழி பார்த்த அந்தப் பெண் ரொம்ப நாள் சிறுநீர்த் தொற்று மாத்திரையே சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சிவப்பாகப் போவது மாசா மாசம் அதே நாட்களில்தான் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் கூச்சத்தில் சொல்லவில்லை.