தூளியும் சிகிச்சை ஊஞ்சலும்: அச்சங்குளத்தை முன்வைத்து

கரிசல் ஊர்களில் குழந்தைக்கு முதல் படுக்கை தூளி. சாத்தூர் அருகிலுள்ள அச்சங்குளத்திலும் அப்படித்தான். துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் சேலையை விட்டத்திலோ கூரைக் கொக்கியிலோ முடிந்து, நடுவே தொட்டில் கம்பைச் செருகிவிட்டால் போதும். தீப்பெட்டி ஒட்டும் வேலை வீட்டுக்குள் நடந்த காலத்தில், தூளிக் கயிற்றைக் காலால் இழுத்து ஆட்டியபடியே கை வேலையைப் பார்த்த தாய்மார் உண்டு. சேலை குழந்தையின் உடலை எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கிறது. மாறாத தாளத்தில் அசைகிறது. ஆட்டிசம் போன்ற குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களில் தொங்கும் லைக்ரா துணி ஊஞ்சல் தருவதும் இந்த அணைப்பையும் அசைவையும்தான்.

அசைவை அறியும் உறுப்பு அகச்செவியில் இருக்கிறது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் சுழற்சியை உணர்கின்றன. அருகிலுள்ள இரு பைகள் நேர்கோட்டு அசைவையும் தலையின் சாய்வையும் உணர்கின்றன. முன்னும் பின்னுமான மெல்லிய ஆட்டம் பெரும்பாலும் அமைதிப்படுத்துகிறது, வேகமான சுழற்சி கிளர்ச்சியூட்டுகிறது. இந்த உணர்வுகளை மூளை ஒழுங்குபடுத்துவதற்கும் கற்றலுக்கும் தொடர்புண்டு என்று அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் 1972 இல் நூலாக எழுதினார். புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையும் அதன் ஊஞ்சலும் அங்கிருந்து பரவியவை.

அப்படியானால் வீட்டுச் சேலையே போதுமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பிள்ளையை அடக்கும் ஆட்டம் இன்னொரு பிள்ளையை அலற வைக்கும். முகம் வெளுப்பது, வியர்ப்பது, குமட்டுவது ஆகியவற்றைக் கண்டு நிறுத்தத் தெரிந்த கண் வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளையை மருத்துவரைக் கேட்காமல் சுழற்றக் கூடாது. சேலை ஊஞ்சலில் கழுத்து இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. கைக்குழந்தைக்குக் கட்டிய தூளியில் ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே ஆடவிடுவது ஆபத்து.

புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையின் பயன் குறித்தும் அளந்தே பேச வேண்டும். ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் நடந்து 2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே வகுத்த இலக்குகளில் முன்னேற்றம் தெரிந்தது. 2022 இல் வெளியான பிரிட்டன் ஆய்வு 138 குழந்தைகளைப் பார்த்தது; நடத்தைச் சிக்கல்களில், வழக்கமான கவனிப்பை விஞ்சிய பலன் தெரியவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஊஞ்சல் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று விற்பது தவறு. சட்டை போட உட்கார வைப்பது, படியேறும்போது தடுமாறாமல் நிற்கப் பழக்குவது போன்ற சிறு இலக்குகளுக்கு, மற்றப் பயிற்சிகளோடு சேர்த்து அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அச்சங்குளத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று இங்கு நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சாதாரண ஓசையே தாங்காது. வெடிச்சத்தம் பழகிப்போன வட்டாரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒதுங்க ஒரு மூலை வேண்டும். துணி ஊஞ்சல் அந்த மூலையாகலாம்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அதில் அடக்கம். ஆனால் பட்டாசு ஆலைக்குக் கூலிக்குப் போகும் தாய், பயிற்சிக்காகப் பிள்ளையை விருதுநகருக்கு அழைத்துப்போனால் அன்றைய கூலி போய்விடும். அங்கன்வாடியில் எடை தாங்கும் கொக்கி, கீழே மெத்தை, எவ்வளவு ஆட்டலாம் என்று தாய்க்குச் சொல்லித்தர வாரம் ஒருநாள் வந்துபோகும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: இவற்றை மாவட்ட நிர்வாகம் அச்சங்குளத்திலிருந்து தொடங்க வேண்டும்.