குலுக்கையும் விதையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அருகே அமைந்த ஊர் இராயகிரி. நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதியின் வேளாண்மை, ஐப்பசி கார்த்திகை மழையையும் குளத்து நீரையும் நம்பியது. கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் விரியும். அங்கு வானமே கதி. ஓராண்டு பெய்த மழை மறுஆண்டும் பெய்யும் என்னும் உறுதியில்லாத நிலத்தில், விளைவித்தலைப் போலவே காத்துவைத்தலும் உழவனின் தொழிலாயிற்று.

அத்தொழிலின் நுட்பத்தைக் குலுக்கையில் காணலாம். வைக்கோல் கலந்து பிசைந்த மண்ணை உறைகளாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசி எழுப்புவர். தானியத்தை மேல்வாயில் கொட்டுவர். அடியிலுள்ள சிறு துளைவழியே எடுப்பர். ஆகவே முந்தி விளைந்தது முந்திச் செலவாகும். வேப்பிலையும் நொச்சியிலையும் வண்டைத் தடுக்கும். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்தி வைப்பர். உமி நீக்காத வரகு பல்லாண்டு கெடாது. விதைநெல் மட்டும் வைக்கோற்புரி சுற்றிய கோட்டைக்குள் தனியே இருக்கும். பசித்த நாளிலும் அதில் கைவைக்க வீட்டார் அஞ்சினர்.

வீட்டிற்குக் குலுக்கை போல ஊருக்குக் கோயில். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், தஞ்சை நாயக்கர் காலத்தில் எழுந்த செங்கற் களஞ்சியம் 3000 கலம் கொள்ளும் என்பர். சோழர் காலத்தில் ஆலங்குடியில் பஞ்சம் நேர்ந்தபோது, உணவிற்கும் விதைக்கும் வழியற்ற ஊரார் கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்று, ஈடாக நிலத்தை அளித்ததைக் கல்வெட்டு உரைக்கின்றது. இது இலவசமன்று; நிலம் கைமாறிற்று. எனினும், பூட்டிக்கிடந்த செல்வம் உரிய நேரத்தில் திறந்தது.

திறவாத களஞ்சியம் என்ன செய்யும் என்பதைத் தாது ஆண்டுப் பஞ்சம் காட்டிற்று. 1876 சனவரியில் தூத்துக்குடிவரை இரயில் வந்தது. அவ்வாண்டே மழை பொய்த்தது. தானியம் விலை மிகுந்த சந்தையை நாடி இரயிலேறிற்று. பஞ்சம் தீண்டாத ஊர்களிலும் விலை உயர்ந்தது. சென்னை மாகாண அரசு 30,000 டன் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டது. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது எனக் கருதிய லிட்டன் பிரபுவின் இந்திய அரசு அதனை ஏற்கவில்லை. ஏற்றுமதியும் நிற்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டிலும் தக்காணத்திலும் மாண்டோர் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நாட்டில் நெல் இருந்தது. வாங்குவார் கையில் காசு இல்லை.

சேமித்தல் ஒருபாதி, உரியவர்க்கு உரிய நாளில் திறத்தல் மறுபாதி. இவ்விரண்டோடு எதனைச் சேமிப்பது என்னும் வினாவும் உண்டு. பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம் நேர்ந்த கதையை இறையனார் அகப்பொருள் உரை கூறுகின்றது. புலவரைப் புரக்க இயலாத அரசன், நாடு நாடானபின் வருக எனச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தான். மழை பெய்தபின் ஆள் விடுத்துத் தேடினான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லாரைக் காணவில்லை. நெல் அடுத்த போகத்தில் திரும்பிவிட்டது. கற்றவரோடு சென்ற கல்வி திரும்பவில்லை.

இது வரலாறோ புனைவோ, அதனை எழுதியவர் பஞ்சத்தின் இயல்பை அறிந்தவர். கரிசற் குடியானவன் உண்ணும் தானியத்தையும் விதையையும் வேறுவேறாக வைத்தான். ஒரு மொழிக்கும் அவ்வாறே விதைக்கோட்டை உண்டு. அது ஏட்டில் மட்டும் இருப்பதன்று. கற்றுச் சொல்லும் மனிதரிடத்தே இருப்பது. வறண்ட காலத்தில் முதற்செலவாக அவர்களை நீக்கும் நாடு, விதையை உண்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வீடே ஆகும்.