பாட்டியின் பெயர் மோனிக்கா

மதுவைத் தொட்டறியாத நான் ஒரு மது மாளிகையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். என்னை அங்கே இழுத்துச் சென்றது மதுவல்ல, ஒரு நாவல். ஜேன் ஆஸ்டின் 1811-ல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிடி'யில், காதலில் ஏமாந்து படுத்துவிட்ட பெண்ணுக்கு மருந்தாக ஒரு முதியவள் கான்ஸ்டன்ஷியா மதுவை ஏந்தி வருகிறாள். காலஞ்சென்ற கணவரின் வாதநோய்க்குக் கைகண்ட மருந்தாம்! அக்காள் எலினார் அதை வாங்கித் தானே குடித்துவிடுகிறாள். அவளுக்கும் அதே நோய்தானே!

அந்த மது பிறந்த இடம் தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனுக்குத் தெற்கே, மலைச் சரிவில் இருக்கிறது. க்ரூட் கான்ஸ்டன்ஷியா என்று பெயர். ஓக் மரங்கள் நிழல் பரப்பிய சாலையின் முடிவில், சுண்ணாம்பு வெள்ளைச் சுவர்களும் புல் வேய்ந்த கூரையுமாக மாளிகை நிற்கிறது. நடுவே வளைந்து வளைந்து உயரும் முகப்புச் சுவர். அதன் மாடத்தில் ஒரு பெண் சிலை. பின்புறம் 1791-ல் எழுந்த மதுக் கிடங்கு. அதன் நெற்றியில் ஆன்டன் அன்ரைத் என்ற சிற்பி, கிரேக்கக் கதையில் வரும் கானிமீட் என்ற இளைஞனையும் கழுகையும் வடித்திருக்கிறான். சுற்றிலும் கொழுகொழு குழந்தைகள். அந்தக் குழந்தைகளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். தோட்டத்தைச் சுற்றி வந்தபோது, 'ஆகா, வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும்' என்று எனக்கும் தோன்றியது. மறைப்பானேன்?

இந்த நிலத்துக்கு முதல் சொந்தக்காரர் சைமன் வான் டெர் ஸ்டெல், டச்சுக் கம்பெனியின் கேப் அதிகாரி, பின்னாளில் கவர்னர். 1685-ல் நிலத்தை அவருக்கு வழங்கியவரை நாம் வேறு விதத்தில் அறிவோம். மலையாளக் கரையின் மூலிகைகளையெல்லாம் படமெழுதித் தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற பன்னிரண்டு பாக நூலை உருவாக்கிய வான் ரீட்தான் அவர்.

சைமனின் பிறப்பே ஒரு கதை. தந்தை மொரீஷியஸில் உத்தியோகம் ஏற்கப் போகும் வழியில், 1639-ல், கப்பலில் பிறந்தவர். தந்தை பிறகு 1646-ல் இலங்கையில் கொல்லப்பட்டார். தாய் மரியா. அவளைப் பெற்றவள் மோனிக்கா, விடுதலை பெற்ற ஓர் இந்திய அடிமைப் பெண்! ஆக, கேப் நாட்டின் கவர்னர் ஓர் அடிமையின் பேரன். அந்தப் பேரன் தன் தோட்டத்தில் அடிமைகளை வைத்துக்கொண்டார்.

இதைப் படித்த பிறகு ஓக் மரங்களின் நிழல் அத்தனை குளிர்ச்சியாக இல்லை. கொடியிலேயே வாடிச் சுருங்கும்வரை பழத்தை விட்டு வைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பறித்து மது செய்ய எத்தனை கைகள் வேண்டும்! 1778-ல் ஹென்ட்ரிக் க்ளூட் தோட்டத்தை வாங்கி அதன் புகழை ஐரோப்பா முழுதும் பரப்பினார். செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அந்த மது போயிற்று. அப்போதும் உழைத்தவை அடிமைக் கைகளே. மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை என்று பல திசைகளிலிருந்தும் கேப்புக்கு அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். தாய் தந்தை இட்ட பெயர் போயிற்று. ஏதோ ஒரு பெயருடன் 'வங்காளத்தான்', 'மலபாரான்', 'கரையான்' என்ற ஒட்டுத்தான் பதிவேட்டில் நின்றது. 1834-ல் அடிமைமுறை ஒழிந்தது என்றார்கள். ஆனாலும் 'பயிற்சி' என்ற பெயரால் மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எஜமானர்களிடமே வேலை.

1885-ல் தோட்டத்தை அரசாங்கம் வாங்கியது. 1925-ல் தீப்பிடித்துக் கூரை எரிந்து வீடு பாழாயிற்று. கட்டடக் கலைஞர் கெண்டல் அதைப் பழைய உருவிலேயே எழுப்பினார். 1993 முதல் ஓர் அறக்கட்டளை அதை நாட்டின் பொதுச் சொத்தாகப் பேணி வருகிறது. செய்ய வேண்டியதுதான், இடித்துத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எரிந்த கூரையை அளவு பார்த்து மறுபடி வேய முடிந்தது. 'கரையான்' ஒருவனுக்கு அவன் அம்மா வைத்த பெயரை எந்தக் கெண்டல் வந்து எழுப்புவது?

உடன் வந்த நண்பர் ஒரு கோப்பையை நீட்டி, "கொஞ்சம் ருசித்துத்தான் பாருமே" என்றார். நான் வேண்டாமென்று கைகாட்டிவிட்டு, மறுபடியும் முகப்பைப் பார்க்கப் போனேன். மாடத்தில் இருக்கும் அந்தப் பெண் செழிப்பின் தேவதையாம். எனக்கு மட்டும் அன்று அவள் வேறொருத்தியாகத் தெரிந்தாள்.