வீட்டில் பூட்டிய வானொலி

கடையில் வானொலிப் பெட்டி மலிவாகக் கிடைக்கையில், உதிரிப்பாகங்களைத் தேடி வாங்கி வீட்டிலே ஒன்றைப் பூட்டுவது வீண்வேலை என்பர் பலர். காசுக் கணக்கை மாத்திரம் பார்த்தால் அவர்கள் கூறுவது மெய்யே. ஆனால் சரித்திரம் வேறொரு கணக்கையும் வைத்திருக்கிறது.

இலங்கையில் வானொலி பிறந்ததே கைவேலையால்தான். 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய சகாக்களும், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்புக் கருவியை அமைத்தனர். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. அமெரிக்காவிலோ இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய உறுப்புகளைப் பொதிசெய்து, 1947இல் ஹீத்கிட் நிறுவனம் விற்கத் தலைப்பட்டது. பூட்டும் உழைப்பு வாங்குபவனுடையது. ஆகவே விலை குறைவு. உறுப்புகளைப் பொருத்தும் வேலையை இயந்திரம் ஏற்றதும் அந்த இலாபம் மறைந்தது. 1992இல் ஹீத்கிட் பொதிகளை நிறுத்திற்று.

அதே 1992இல் யாழ்ப்பாணத்தின் நிலை என்ன?

1990இல் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடைப் பட்டியலில் மின்கலமும் இடம்பெற்றது. 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் தீவுப்பகுதி இராணுவத்தின் வசமாக, ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்குள் அகதிகளாயினர். வீட்டையும் பனங்காணியையும் விட்டு வந்தவனுக்குச் செய்தி பொழுதுபோக்கன்று. ஊர் திரும்பலாமா என்ற கேள்விக்கு அவன் தேடிய விடை அது.

அப்போது கைகொடுத்தது துவிச்சக்கர வண்டியின் டைனமோ. அது தருவது ஏறத்தாழ ஆறு வோல்ற்று ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாகப் பற்றவைத்து, ஒரு கொள்ளளவியைக் குறுக்கே இட்டால் இரண்டுக்கும் இணக்கம் உண்டாகும். வண்டியை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் பெட்டியைச் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையைக் கேட்டனர். மிதிப்பவரின் கால் சோர்ந்தால் செய்தியும் சோரும். பரீட்சைக்காக மனனம் செய்யப்பட்ட இருவாயிப் பாடம் தன் பயனைக் காட்டியது வகுப்பறையில் அன்று, முற்றத்தில்!

இதனை வீரக்கதையாக்கி மகிழ்வது தகாது. ஒரு சனக்கூட்டத்துக்கு மின்கலத்தையே மறுத்த கொடுமையை அந்தப் புகழ்ச்சி மூடிவிடும். மேலும், எல்லோருக்கும் அந்த வித்தை தெரியவுமில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கத் துணிந்த சிலரிடமிருந்தே அது மற்றவர்களுக்குப் பரவிற்று.

இன்று தடை இல்லை; தமிழோசை ஒலிபரப்பும் 2017இல் நின்றுபோயிற்று. எனினும் கேள்வி தீரவில்லை. தேசிய மின்வலையோடு இணையாமல் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரமும் 530 கிலோவாற்று காற்று மின்சாரமும் வழங்க, 2024 மார்ச்சில் இந்திய நிதியுதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வரவேற்க வேண்டியதே. ஆயின் அந்தக் கருவிகளின் முன்னே தீவுப் பிள்ளை யாராக நிற்பான்? கட்டணம் செலுத்துபவனாக மாத்திரமா? பழுது நேர்ந்தால், குறிகாட்டுவானில் படகேறி வருபவருக்காகக் கரையில் காத்திருப்பவனாகவா?

ஒரு தீவுப் பாடசாலையில் இதைத் தொடங்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பற்றவைக்கும் கோல் ஒன்று, ஈயம் சிறிது, நான்கு இருவாயிகள், ஒரு கொள்ளளவி, பின்னேரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் போதும். டைனமோவுக்குக் காசு தேவையில்லை. கழற்றிப் போட்ட பழையவை ஊர்க் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.